வெள்ளை ஹெட்ரெஸ்ட் சொன்ன ரகசியம்! சினிமாவில் வரும் பழைய இத்தாலி கார்களை அடையாளம் காண்பது எப்படி?

இத்தாலிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் நடுவே, ஆல்ப்ஸ் மலையில் இருக்கிறது கிரேட் செயின்ட் பெர்னார்ட் கணவாய். கொண்டை ஊசி வளைவுகளில் ஓர் ஆரஞ்சு நிற கார் சீறிக்கொண்டு ஏறுகிறது. ஓட்டுபவர் கண்ணில் கூலிங்கிளாஸ், உதட்டில் சிகரெட். பின்னணியில் மென்மையான ஒரு பாட்டு. கார் ஒரு சுரங்கப்பாதைக்குள் நுழைகிறது. அடுத்த நொடி, 'டமார்!' உள்ளே காத்திருந்த புல்டோசர் மீது மோதி நொறுங்குகிறது. நசுங்கிய காரை வெளியே தள்ளிக்கொண்டு வந்து பள்ளத்தாக்கில் உருட்டிவிடுகிறார்கள்.

1969-ல் வெளியான 'தி இத்தாலியன் ஜாப்' படத்தின் முதல் காட்சி இது. அந்த கார், லம்போகினி மியூரா. ஓட்டி வருபவராக நடித்தவர் இத்தாலிய நடிகர் ரொசானோ பிராசி. சில நிமிடங்களே வரும் காட்சிதான். ஆனால், அதைப் பார்த்த கார் பிரியர்களுக்கு மனசே ஆறவில்லை. 'இவ்வளவு அழகான காரை நிஜமாகவே உடைத்துவிட்டார்களா? இல்லையென்றால், அந்த கார் இப்போது எங்கே?' இந்தக் கேள்விக்கு அதிகாரபூர்வமான பதில் கிடைக்க 50 வருடங்கள் ஆயின. அந்தப் பதிலுக்கு உதவிய தடயங்களில் ஒன்று, டிரைவர் தலைக்குப் பின்னால் தெரிந்த வெள்ளை நிற ஹெட்ரெஸ்ட்!

பழைய படங்களில் வரும் கார்களை, அதிலும் இத்தாலி கார்களை அடையாளம் காண்பது உலகம் முழுக்கப் பலருக்குப் பிடித்தமான வேலை. ஒரு துப்பறியும் கதைக்கு உண்டான சுவாரஸ்யம் அதில் இருக்கிறது. அதற்கு மெக்கானிக்காக இருக்க வேண்டியதில்லை. எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

காருக்கும் ஒரு டூப்!

முதலில் மியூரா கதையை முடித்துவிடுவோம்.

மியூரா சாதாரண கார் அல்ல. 1966 ஜெனீவா கார் கண்காட்சியில் அறிமுகமானபோது, வந்தவர்கள் எல்லோரும் அதைச் சுற்றித்தான் நின்றார்கள். 12 சிலிண்டர் இன்ஜினை டிரைவரின் முதுகுக்குப் பின்னால், குறுக்குவாட்டில் படுக்க வைத்திருந்தார்கள். பெர்ட்டோனே நிறுவனத்தில் வேலை பார்த்த மார்செல்லோ காந்தினி என்ற இளைஞரின் கைவண்ணம் அது. ஹெட்லைட்டைச் சுற்றி கறுப்புக் கம்பிகள், கண்ணிமை முடி மாதிரி நிற்கும். படத்தில் மியூராவை அடையாளம் காண இந்த 'இமை' ஒன்றே போதும். கடைசியாக வந்த எஸ்.வி மாடலில் அந்த இமை இருக்காது.

அத்தனை விலை உயர்ந்த காரை ஒரு காட்சிக்காக யாராவது உடைப்பார்களா? உடைக்கவில்லை. சினிமாவில் ஹீரோவுக்கு டூப் போடுவதுபோல காருக்கும் டூப் போட்டார்கள். படக்குழு இரண்டு மியூராக்களைப் பயன்படுத்தியது. ஒன்று, ஏற்கெனவே விபத்தில் சிக்கி நொறுங்கிப்போன கார். பள்ளத்தில் உருட்டியது அதைத்தான். மலைச் சாலையில் ஓடுவதற்கு, அதே நிறத்தில் நல்ல நிலையில் இன்னொரு மியூரா தேவைப்பட்டது.

அந்தச் சமயத்தில் தொழிற்சாலையில் ஓர் ஆரஞ்சு மியூரா கிட்டத்தட்ட தயாராகி நின்றது. ஆனால், அது ரோம் நகரத்தில் இருந்த ஒரு வாடிக்கையாளருக்குப் போக வேண்டிய கார். படப்பிடிப்பு முடிந்ததும் கீறல் இல்லாமல் அவரிடம் கொடுத்தாக வேண்டும். உள்ளே வெள்ளைத் தோல் சீட்டுகள் வேறு. அழுக்கானால் என்ன ஆவது?

காரைப் படப்பிடிப்புக்குக் கொண்டுபோனவர் லம்போகினி ஊழியர் என்ஸோ மொருஸ்ஸி. பிராசிக்கு டூப்பாக மலைச் சாலையில் காரை ஓட்டியவரும் அவர்தான். வெள்ளை சீட்டுகளைக் கழற்றிவிட்டு, சோதனை ஓட்டத்துக்குப் பயன்படுத்தும் கறுப்பு சீட்டுகளை மாட்டச் சொன்னார் அவர். எல்லாம் சரி. ஆனால், மியூராவில் ஹெட்ரெஸ்ட் சீட்டோடு சேர்ந்தது அல்ல. டிரைவருக்கும் இன்ஜினுக்கும் நடுவே இருக்கும் தடுப்பில் அது தனியாகப் பொருத்தப்பட்டிருக்கும். மாற்றுவதற்குக் கறுப்பு ஹெட்ரெஸ்ட் கைவசம் இல்லை. 'இருந்துவிட்டுப் போகட்டும்' என்று வெள்ளையையே விட்டுவிட்டார்கள்.

அதனால், படத்தை உற்றுப் பார்த்தால் கறுப்பு சீட்டுக்கு மேலே வெள்ளை ஹெட்ரெஸ்ட் தெரியும். எந்தத் தொழிற்சாலையும் வாடிக்கையாளருக்கு இப்படி ஒரு ஜோடியைக் கொடுத்திருக்காது. ஆக, படத்தில் ஓடிய கார் வெள்ளை சீட்டுகளோடு பிறந்த கார்!

படப்பிடிப்பு முடிந்ததும் அந்த கார் சொன்னபடி ரோமுக்குப் போனது. பிறகு பல கைகள் மாறியது. கடைசியாக லீச்டென்ஸ்டைன் நாட்டின் வாடுஸ் நகரத்தில் இருக்கும் ஒரு கார் சேகரிப்பாளரிடம் வந்து சேர்ந்தது. 'இதுதான் அந்த கார்' என்று நினைத்தால் மட்டும் போதுமா? நிரூபிக்க வேண்டுமே! காரை அது பிறந்த சான்ட் அகதா ஊருக்கே, லம்போகினி தொழிற்சாலைக்கு அனுப்பினார்கள். பழைய கார்களின் ஆவணங்களைப் பாதுகாக்கும் 'போலோ ஸ்டோரிகோ' பிரிவு, பழைய பதிவேடுகளைப் புரட்டியது. காரை அங்குலம் அங்குலமாகப் பார்த்தது. மொருஸ்ஸி உட்பட அந்தக் காலத்து ஊழியர்களையும் கார் ரசிகர்களையும் விசாரித்தது. 2019-ல், படம் வந்து சரியாக 50 வருடங்கள் கழித்து, சான்று கொடுத்தது. சேசிஸ் நம்பர் 3586. படத்தில் ஓடிய மியூரா இதுதான்!

எதற்கு இவ்வளவு மெனக்கெடல்?

'கார்தானே... எதுவாக இருந்தால் என்ன?' என்று கேட்கலாம்.

நம் ஊரில் செகண்ட் ஹேண்ட் பைக் வாங்கும்போதுகூட ஆர்.சி புத்தகத்தில் இருக்கும் சேசிஸ் நம்பரையும் வண்டியில் இருக்கும் நம்பரையும் ஒப்பிட்டுப் பார்க்கிறோம் அல்லவா? அதே கதைதான். புகழ்பெற்ற படத்தில் வந்த கார் என்றால் அதன் மதிப்பு எங்கேயோ போய்விடும். அதனாலேயே, 'இதுதான் அந்த கார்' என்று சொல்லிக்கொண்டு வருபவர்களும் உண்டு. பதிவேடு, காட்சியில் தெரியும் சின்ன அடையாளம், நேரில் பார்த்தவரின் சாட்சி. இந்த மூன்றும் ஒன்றாகப் பொருந்தினால்தான் நம்ப முடியும்.

சரி, வீட்டில் சோபாவில் உட்கார்ந்து படம் பார்க்கும் நாம் எதையெல்லாம் கவனிக்கலாம்?

முதல் பாடம்: வாலைப் பாருங்கள்

முன்பக்கம் எல்லோர் கண்ணிலும் படும். ஆனால், ஒரே கார் பல வருடங்கள் தயாரிக்கப்பட்டிருந்தால், எந்த வருடத்து மாடல் என்பதைப் பல நேரம் பின்பக்கம்தான் சொல்லும்.

இதற்கு நல்ல உதாரணம், 1967-ல் வந்த 'தி கிராஜுவேட்'. கல்லூரி முடித்த டஸ்டின் ஹாஃப்மேனுக்குப் பரிசாகக் கிடைக்கும் சிவப்பு நிற ஓபன் கார் ஞாபகம் இருக்கிறதா? அது ஆல்ஃபா ரோமியோ ஸ்பைடர். 'டூயட்டோ' என்பது செல்லப்பெயர். வடிவமைத்தது பினின்ஃபரினா நிறுவனம்.

இந்த ஸ்பைடர் 1966-ல் வந்து 1990-கள் வரை தயாரிப்பில் இருந்தது. ஆனால், 1966 முதல் 1969 வரை வந்த கார்களுக்கு மட்டும்தான் வால் பகுதி படகு மாதிரி உருண்டு, மெலிந்து முடியும். இத்தாலிக்காரர்கள் இதை 'கணவாய் மீனின் ஓடு' என்று அழைத்தார்கள். அதற்குப் பிறகு வந்த கார்களின் வால், கத்தியால் நறுக்கியதுபோல தட்டையாகிவிட்டது. எனவே, உருண்டை வாலைப் பார்த்தால் 1960-கள். தட்டை வாலைப் பார்த்தால் அதற்குப் பிறகு. இவ்வளவுதான்!

அந்தப் படத்தால் அமெரிக்காவில் ஸ்பைடருக்குக் கிடைத்த பெயர் கொஞ்சநஞ்சமல்ல. 1980-களில் ஆல்ஃபா ரோமியோ அங்கே 'கிராஜுவேட்' என்ற பெயரிலேயே ஒரு ஸ்பைடர் மாடலை விற்றது. வேடிக்கை என்னவென்றால், அந்த மாடலுக்கு வால் தட்டை!

காரைப் பார்த்தபடியே சாலையையும் கவனித்தவர்கள் இன்னொரு பிழையையும் பிடித்தார்கள். படத்தில் ஹீரோ பெர்க்லி ஊருக்குப் போவதாகக் கதை. ஆனால், பாலத்தின் மேல்தளத்தில் கார் ஓடுகிறது. சான் ஃபிரான்சிஸ்கோ பே பிரிட்ஜில் மேல்தளம் சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வரும் வழி. பெர்க்லி பக்கம் போக வேண்டியவர்கள் கீழ்த்தளத்தில்தான் போக வேண்டும். கீழ்த்தளத்தில் போனால் மேலே இருந்து காரைப் படம் பிடிக்க முடியாதே!

இரண்டாம் பாடம்: கைப்பிடி இருக்கிறதா?

1962-ல் இத்தாலியில் வந்த 'இல் சோர்பாசோ' படத்தை இயக்கியவர் டினோ ரிசி. பெயருக்கு அர்த்தம், 'ஓவர்டேக்'. ஆகஸ்ட் 15, இத்தாலி முழுக்க விடுமுறை. ரோம் நகரமே காலியாகக் கிடக்கிறது. வாய் ஓயாமல் பேசும் ப்ரூனோவும் (விட்டோரியோ காஸ்மன்), கூச்ச சுபாவம் கொண்ட சட்ட மாணவன் ராபர்ட்டோவும் (ழான் லூயி த்ரந்தினியான்) ஒரு காரில் கிளம்புகிறார்கள். வழி நெடுக ஹாரன், வழி நெடுக ஓவர்டேக். படம் முழுக்க அவர்களோடு வரும் மூன்றாவது கதாபாத்திரம் அந்த கார்தான்: லான்சியா அவுரேலியா பி24.

கார் வரலாற்றில் அவுரேலியாவுக்குத் தனி இடம் உண்டு. வி6 இன்ஜினோடு தொடர்ச்சியாகத் தயாரிக்கப்பட்ட முதல் கார் அது. 1950-ல் வந்தது. அதன் ஓபன் மாடலான பி24-ல் இரண்டு வகை. முதலில் வந்தது 'ஸ்பைடர்'. பிறகு 1956-ல் வந்தது 'கன்வெர்ட்டிபிள்'. தூரத்தில் இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஸ்பைடர் 240 கார்கள்தான் தயாரானது, கன்வெர்ட்டிபிள் 521. இன்று சேகரிப்பாளர்களிடம் ஸ்பைடருக்குத்தான் மவுசு அதிகம்.

எப்படிப் பிரித்துப் பார்ப்பது? ஸ்பைடரின் முன்கண்ணாடி இரண்டு பக்கமும் நன்றாக வளைந்து வரும். கதவில் வெளிப்பக்கம் கைப்பிடியே கிடையாது. உள்ளே கைவிட்டுத்தான் திறக்க வேண்டும். பக்கவாட்டில் ஏற்றி இறக்கும் கண்ணாடியும் இருக்காது. மழை வந்தால் திண்டாட்டம்தான். கன்வெர்ட்டிபிளில் இந்தக் குறைகளைச் சரிசெய்தார்கள். முன்கண்ணாடி சாதாரண வடிவத்துக்கு வந்தது. கதவில் கைப்பிடி வந்தது. ஏற்றி இறக்கும் கண்ணாடியும் வந்தது.

'இல் சோர்பாசோ'வை இப்போது பாருங்கள். கதவில் கைப்பிடி பளிச்சென்று தெரியும். ஆக, ப்ரூனோ ஓட்டுவது கன்வெர்ட்டிபிள்!

இந்த காரின் பெயருக்குப் பின்னால் வரும் 'எஸ்' என்ற எழுத்திலும் ஒரு தகவல் ஒளிந்திருக்கிறது. இத்தாலிய மொழியில் 'சினிஸ்த்ரா' என்றால் இடது. ஸ்டீயரிங் இடதுபக்கம் இருக்கும் கார் என்று அர்த்தம். சாலையில் வலதுபக்கம் போகும் நாட்டில் ஸ்டீயரிங் இடதுபக்கம் இருப்பதுதானே இயல்பு, அதை ஏன் தனியாகச் சொல்ல வேண்டும்? 1950-களின் தொடக்கம் வரை லான்சியா, ஆல்ஃபா போன்ற நிறுவனங்களின் விலை உயர்ந்த கார்கள் இத்தாலியிலேயே வலதுபக்க ஸ்டீயரிங்கோடுதான் பெரும்பாலும் வந்தன. மலைச் சாலையில் ஓரத்தைப் பார்த்து ஓட்ட அது வசதி என்று கருதினார்கள். அதனால், பழைய இத்தாலியப் படத்தில் நம் ஊர் மாதிரி வலதுபக்கம் ஸ்டீயரிங் இருந்தால் 'இது வெளிநாட்டு கார்' என்று அவசரப்பட்டு முடிவு கட்டிவிடாதீர்கள்.

மூன்றாம் பாடம்: கதவு எந்தப் பக்கம் திறக்கிறது?

விலை உயர்ந்த கார்களை விடுங்கள். பழைய இத்தாலியப் படங்களின் தெருக்களில் நிற்பவை பெரும்பாலும் ஃபியட் கார்கள்தான். குட்டி ஃபியட் 500, அதைவிடக் கொஞ்சம் பெரிய 600, குடும்பத்தோடு போக 1100.

இவற்றின் வயதைச் சொல்வது கதவு. 1957-ல் வந்த ஃபியட் 500-ல் கதவின் கீல் பின்பக்கம் இருந்தது. அதாவது, கதவு நம் வீட்டு பீரோவில் இடது கதவுக்குப் பதில் வலது கதவைத் திறப்பதுபோல, தலைகீழாகத் திறக்கும். இறங்கி ஏறச் சுலபம். ஆனால், ஓடும்போது தாழ்ப்பாள் விட்டுப்போனால் காற்று கதவைப் பிடித்து இழுத்துவிடும். இதனாலேயே அதற்கு 'தற்கொலைக் கதவு' என்று பெயர் வந்தது. 1965-ல் வந்த மாடலில் கீலை முன்பக்கம் மாற்றிவிட்டார்கள். எனவே, ஒரு படத்தில் ஃபியட் 500-ன் கதவு இப்போதைய கார்கள்போலத் திறந்தால், அது 1965-ம் ஆண்டோ அதற்குப் பிறகோ வந்த கார். (பின்பக்கம் நீண்ட 'ஜார்டினியெரா' மாடல் மட்டும் விதிவிலக்கு. அதில் பழைய கதவே கடைசி வரை தொடர்ந்தது.) கதை 1960-ல் நடப்பதாகச் சொல்லிவிட்டுப் புதுக் கதவு காரை நிறுத்தியிருந்தால், கலை இயக்குநர் மாட்டிக்கொண்டார்!

ஃபியட் 1100-ஐ திரையில் பார்க்கும்போது நம் வீட்டுப் பெரியவர்கள் சட்டென்று நிமிர்ந்து உட்காருவார்கள். 'அட... இது நம்ம பத்மினி மாதிரி இருக்கே!' மாதிரி என்ன, சொந்தமேதான். பம்பாயின் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் நிறுவனம், ஃபியட் 1100 கார்களை உரிமம் பெற்று இந்தியாவில் தயாரித்தது. 1960-களில் 'ஃபியட் 1100 டிலைட்' என்று வந்த கார், 1970-களில் 'பிரீமியர் பத்மினி' ஆனது. பெயர் மாறினாலும் நம் ஊரில் அது கடைசி வரை 'ஃபியட் கார்'தான். மும்பையின் கறுப்பு - மஞ்சள் டாக்ஸியாக ஓடிய பத்மினிகள் 2023 அக்டோபரில்தான் விடைபெற்றன.

ஆனால், திரையில் தெரியும் பழைய 1100-க்கும் நம் பத்மினிக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. 1950-களின் 1100-ல் முன்கதவு, பின்கதவு இரண்டுக்குமே கீல் நடுத்தூணில் இருக்கும். இரண்டையும் ஒரே நேரத்தில் திறந்தால் ஒன்று இந்தப் பக்கமும் மற்றது அந்தப் பக்கமுமாக விரியும். பத்மினியில் இரண்டு கதவுகளும் ஒரே பக்கமாகத் திறக்கும்.

நான்காம் பாடம்: நம்பர் பிளேட் பொய் சொல்லாது... பெரும்பாலும்!

இத்தாலியில் 1985 வரை நம்பர் பிளேட் கறுப்பு நிறம். எண்ணோடு மாகாணத்தின் இரண்டு எழுத்துகள் சேர்ந்து வரும். டூரின் என்றால் 'டி.ஓ', மிலன் என்றால் 'எம்.ஐ', நேப்பிள்ஸ் என்றால் 'என்.ஏ'. தலைநகருக்கு மட்டும் சலுகை. சுருக்காமல் 'ரோமா' என்று முழுப்பெயரையே எழுதுவார்கள். மாகாண எழுத்துகள் ஆரஞ்சு நிறத்தில் இருந்தால், அது 1970-களின் பிற்பகுதியிலோ 1980-களின் முற்பகுதியிலோ பதிவான கார். 1985-க்குப் பிறகு பிளேட் வெள்ளைக்கு மாறியது.

நம்பர் பிளேட்டில் விளையாடுபவர்களும் உண்டு. குழந்தைகளுக்குப் பிடித்த 'கார்ஸ்' அனிமேஷன் படத்தில் டயர் கடை வைத்திருக்கும் லூயிஜி, 1959 மாடல் ஃபியட் 500. ஃபெராரி என்றால் உயிரை விடும் கதாபாத்திரம். அவனுடைய நம்பர் பிளேட்டில் 445-108 என்று இருக்கும். வரைபடத்தில் 44.5 டிகிரி வடக்கு, 10.8 டிகிரி கிழக்கு என்று தேடிப் பாருங்கள். ஃபெராரி தொழிற்சாலை இருக்கும் மரனெல்லோ ஊர்! விடுமுறையில் குட்டீஸுக்கு இதை ஒரு புதிராகக் கொடுக்கலாம்.

ஐந்தாம் பாடம்: கதை நடக்கும் வருடத்தோடு ஒப்பிடுங்கள்

'காட்ஃபாதர்' படத்தின் சிசிலி காட்சிகளை யாரால் மறக்க முடியும்? மைக்கேலின் இளம் மனைவி அப்பலோனியா, ஆசையாகக் கறுப்பு நிற காரை ஸ்டார்ட் செய்வாள். அடுத்த நொடி குண்டு வெடிக்கும். அந்த கார், ஆல்ஃபா ரோமியோ 6சி 2500 'ஃப்ரெச்சா டோரோ'. 'தங்க அம்பு' என்று அர்த்தம். இரண்டாம் உலகப்போர் முடிந்த பிறகு, 1940-களின் பிற்பகுதியில் வந்த கார். கதை நடப்பதும் அதே காலம்தான். போரில் நொந்துபோன சிசிலியின் மண் வீதிகளில், கழுதை வண்டிகளுக்கு நடுவே அந்த கார் நிற்கும்போது, அதன் சொந்தக்காரர் எப்படிப்பட்ட ஆள் என்று வசனமே இல்லாமல் புரிந்துவிடுகிறது. காரின் பெயர் தெரிந்தவர்களுக்கு இந்தக் காட்சி இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் பேசும்.

ஆறாம் பாடம்: அசலா, நகலா?

1986-ல் வந்த 'ஃபெரிஸ் புல்லர்ஸ் டே ஆஃப்' படத்தில், நண்பனின் அப்பா பொக்கிஷமாக வைத்திருக்கும் சிவப்பு ஃபெராரியை எடுத்துக்கொண்டு ஊர் சுற்றுவார்கள் பள்ளி மாணவர்கள். கடைசியில் அந்த கார் கண்ணாடிச் சுவரை உடைத்துக்கொண்டு பின்பக்கமாகப் பள்ளத்தில் விழும். படத்தில் அது 1961 ஃபெராரி 250 ஜி.டி கலிஃபோர்னியா. மொத்தமே நூற்றுச் சொச்சம் கார்கள்தான் தயாரானது. அதைப் போய் உடைப்பார்களா?

மியூரா கதைதான் இங்கேயும். ஆனால், இந்த முறை ஓடியதுகூட ஃபெராரி இல்லை! கலிஃபோர்னியாவைச் சேர்ந்த ஒரு சிறிய நிறுவனம், ஃபைபர் கிளாஸ் உடலும் அமெரிக்க ஃபோர்டு வி8 இன்ஜினும் வைத்துச் செய்துகொடுத்த நகல் கார்கள் அவை. 'ஆனால், சத்தம் கேட்டால் ஃபெராரி மாதிரியே இருந்ததே' என்பீர்கள். சினிமாவில் காதை நம்பக் கூடாது. இன்ஜின் சத்தத்தைப் பிறகு ஸ்டூடியோவில் சேர்த்துக்கொள்ளலாம். கண்ணைத்தான் நம்ப வேண்டும். அதையும் பாஸ் போட்டு இரண்டு முறை பார்த்துவிட்டு!

அசல் கார் கிடைத்த கதையும் உண்டு. பிரான்ஸின் மேற்குப் பகுதியில், பையோன் என்ற குடும்பத்தின் பண்ணையில், பல வருடங்களாகக் கேட்பாரற்றுக் கிடந்த 60 கார்கள் 2014-ல் வெளிச்சத்துக்கு வந்தன. பல கார்களை மழையும் துருவும் தின்றிருந்தன. ஒரு ஷெட்டில், பழைய பத்திரிகைக் கட்டுகளுக்கு அடியில் ஒரு கார் ஒளிந்திருந்தது. தூசியைத் தட்டினால், அதே 1961 ஃபெராரி கலிஃபோர்னியா! ஒரு காலத்தில் பிரெஞ்சு சூப்பர் ஸ்டார் அலென் டெலோன் வைத்திருந்த கார் அது. நடிகை ஜேன் ஃபோண்டாவோடு அதே காரில் டெலோன் இருக்கும் பழைய புகைப்படங்கள், அதன் கதைக்குச் சாட்சியாக வந்து நின்றன. 2015 பிப்ரவரியில் பாரிஸில் நடந்த ஏலத்தில் அந்த கார் 1.63 கோடி யூரோவுக்கு விலைபோனது. நம் பணத்தில் 100 கோடி ரூபாயைத் தாண்டும்.

ஒரு பக்கம், உலகமே பார்த்த படத்தில் வந்த நகல். இன்னொரு பக்கம், பழைய பேப்பருக்கு அடியில் யாரும் பார்க்காமல் கிடந்த அசல். இரண்டையும் பிரித்துக் காட்டுவது ஆவணமும் அடையாளமும்தான்.

கேட்க வேண்டிய நேரத்தில் கேளுங்கள்

மியூரா கதையில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. வெள்ளை ஹெட்ரெஸ்ட் படத்தில் 50 வருடங்களாகத் தெரிந்துகொண்டேதான் இருந்தது. யார் வேண்டுமானாலும் பார்த்திருக்கலாம். ஆனால், அது ஏன் வெள்ளை, சீட்டு மட்டும் ஏன் கறுப்பு என்பதைச் சொல்ல, அன்றைக்கு அந்த காரை ஓட்டிய ஒரு மனிதர் இருக்க வேண்டியிருந்தது. நல்லவேளையாக மொருஸ்ஸி இருந்தார். கேட்பதற்கும் ஆள் இருந்தது. இன்னும் சில வருடங்கள் தள்ளிப்போயிருந்தால், பதிவேட்டில் ஒரு நம்பரும், திரையில் புரியாத ஒரு வெள்ளைப் புள்ளியும்தான் மிஞ்சியிருக்கும்.

எல்லா கார்களுக்கும் இந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை. மியூராவுக்கும் ஃபெராரிக்கும் சான்று கொடுக்கத் தொழிற்சாலையே இருக்கிறது. தெருவோரம் நின்ற ஃபியட் 600-க்கும் 1100-க்கும் யார் இருக்கிறார்கள்? அவற்றில் பெரும்பாலானவை காயலான் கடைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. பழைய படங்களிலும் குடும்பப் புகைப்படங்களிலும்தான் அவை இன்னும் இருக்கின்றன.

அடுத்த முறை பழைய படம் ஒன்றைப் பார்க்கும்போது, கார் வரும் காட்சியில் ஒரு நிமிடம் நிறுத்துங்கள். வால், கைப்பிடி, கதவின் கீல், நம்பர் பிளேட்... ஒவ்வொன்றாகப் பாருங்கள். வீட்டில் இருப்பவர்களையும் கூப்பிட்டுக் கேளுங்கள். போட்டிபோட்டுக் கண்டுபிடிப்பது தனி ஜாலி.

அப்படியே பீரோவில் இருக்கும் ஆல்பத்தையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். கல்யாண வண்டியாக மாலை போட்டு நிற்கும் ஒரு ஃபியட்டோ, தாத்தா சாய்ந்து நிற்கும் ஒரு பத்மினியோ அதில் இருக்கலாம். அது யாருடைய கார், எந்த வருடம், ஓட்டியது யார், கடைசியில் என்ன ஆனது? தெரிந்தவர்கள் வீட்டில் இருக்கும்போதே கேட்டு, போட்டோவின் பின்பக்கம் எழுதி வைத்துவிடுங்கள்.